கற்கால வயிறும் வெறுங்காலும்: ஓடுகிறவர்களுக்காக ஒரு வரலாற்று இழை

1/
மாரத்தான் சீசன் நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் இரண்டு தவறாமல் இருக்கும்.

"டாக்டர், பேலியோவில் இருந்துகொண்டே 42 கிலோமீட்டர் ஓடலாமா?"
"ஷூவைக் கழற்றிப் போட்டுட்டு வெறுங்காலில் ஓடினால் முட்டி வலியே வராதாமே, உண்மையா?"

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். "நம்ம உடம்பு கற்காலத்துக்காக உருவானது, அதனால் கற்கால மனிதன் மாதிரி தின்னணும், அவன் மாதிரி ஓடணும்" என்ற எண்ணம். இந்த எண்ணம் எப்படிப் பிறந்தது, எங்கே சறுக்கியது என்று பார்ப்போம். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

2/
முதலில் சாப்பாடு.

1975இல் அமெரிக்காவைச் சேர்ந்த வால்டர் வோக்ட்லின் என்ற குடல்நோய் மருத்துவர் கற்கால உணவு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மனிதன் அடிப்படையில் மாமிச உண்ணி என்பது அவர் கட்சி. அப்போது அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

3/
அந்த எண்ணத்துக்கு மருத்துவ உலகில் மரியாதை கிடைத்தது 1985இல். பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் இருவரும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வேட்டையாடி வாழ்ந்த மனிதனின் உணவு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு கணக்கு போட்டார்கள்.

அந்தக் கணக்கில் மாவுச்சத்து எவ்வளவு தெரியுமா? மொத்த கலோரியில் சுமார் 45%! இன்று நாம் "பேலியோ" என்று சொல்லும் உணவுமுறையில் அதில் கால்வாசி இருந்தாலே அதிகம்.

4/
2002இல் லோரன் கார்டெய்ன் எழுதிய "தி பேலியோ டயட்" புத்தகம்தான் இந்தப் பெயரை வீடு வீடாகக் கொண்டுபோனது. அரிசி, கோதுமை, பருப்பு, பால் எல்லாவற்றுக்கும் தடை.

ஆனால் 2005இல் அவரே ஜோ ஃப்ரீல் என்ற பயிற்சியாளருடன் சேர்ந்து விளையாட்டு வீரர்களுக்காகத் தனிப் புத்தகம் எழுதினார். அதில் நீண்ட பயிற்சிக்கு முன்பும், பயிற்சியின்போதும், முடிந்த பிறகும் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பேலியோவைப் பரப்பியவரே ஓடுகிறவர்களுக்கு விதியைத் தளர்த்தினார். இந்த விஷயம் மட்டும் ஏனோ ஃபார்வர்டு மெசேஜ்களில் வருவதே இல்லை.

5/
இனி கால்.

1960, ரோம் ஒலிம்பிக்ஸ். எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலில் மாரத்தான் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் தங்கம் வென்றார். அன்று அது உலகின் மிகச் சிறந்த நேரம்.

வெறுங்கால் பிரியர்கள் எல்லோரும் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். நான் தொடர்கிறேன்.

6/
1964, டோக்கியோ. அதே பிகிலா. குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை. இந்த முறை ஷூ போட்டு ஓடினார். 2 மணி 12 நிமிடம் 11 நொடி. மறுபடியும் தங்கம், மறுபடியும் உலகின் சிறந்த நேரம்.

வெறுங்காலிலும் ஜெயித்தார், ஷூ போட்டும் ஜெயித்தார். ஜெயித்தது செருப்போ ஷூவோ இல்லை, அந்த உடம்பும் அதன் பின்னால் இருந்த பயிற்சியும்தான்.

7/
1970களில் அமெரிக்காவில் ஜாகிங் மோகம் பரவியது. குதிகாலுக்குக் கீழே மெத்தை வைத்த ஷூக்கள் கடைகளை நிரப்பின. மெத்தை கூடியும் முட்டி வலி, குதிகால் வலி குறைந்தபாடில்லை. அப்போ தப்பு ஷூவில்தானா என்ற சந்தேகம் எழுந்தது. நியாயமான சந்தேகம்தான்.

8/
2004இல் டென்னிஸ் பிராம்பிள், டேனியல் லீபர்மேன் இருவரும் நேச்சர் இதழில் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். குதிகால் நாண், பெரிய பிட்டத் தசை, தலையை ஆடாமல் பிடிக்கும் கழுத்து நார், வியர்வை வழியாகச் சூட்டைத் தணிக்கும் தோல்... இவையெல்லாம் சேர்ந்து மனிதனை நீண்ட தூரம் ஓடக்கூடிய உயிரினமாக ஆக்கியிருக்கின்றன என்றார்கள்.

2010இல் லீபர்மேன் குழு இன்னொன்றைக் காட்டியது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அதனால் தரையில் மோதும் அந்த முதல் அதிர்ச்சி குறைகிறது. "அதனால் காயம் குறையும்" என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. நிரூபித்துவிட்டதாக மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

9/
இடையில் 2009இல் வெளிவந்தது கிறிஸ்டோஃபர் மெக்டூகலின் "பார்ன் டு ரன்". மெக்சிகோவின் செப்புப் பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி மக்கள்தான் கதாநாயகர்கள். வெளியுலகம் தராஹுமாரா என்று அழைக்கும் பழங்குடி.

1993இல் அமெரிக்காவின் லெட்வில்லில் நடந்த 100 மைல் மலை ஓட்டத்தில் விக்டோரியானோ சூரோ என்ற 55 வயது ராராமுரி முதலிடம் பிடித்தார். 55 வயசு, 160 கிலோமீட்டர்!

புத்தகம் சக்கைப்போடு போட்டது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரியும் மெல்லிய ஷூக்கள் விற்றுத் தீர்ந்தன. கற்கால உணவும் கற்கால ஓட்டமும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டது இந்தக் காலத்தில்தான்.

10/
இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். அந்த ராராமுரிகள் என்ன சாப்பிடுகிறார்கள்?

மக்காச்சோளம். வறுத்து அரைத்த சோள மாவு, சோள ரொட்டி, சோளத்தில் காய்ச்சிய பீர்கூட உண்டு. கூடவே பீன்ஸ், பூசணி. மாமிசம் எப்போதாவதுதான். 1979இல் அவர்களின் உணவை அளந்த ஆய்வாளர்கள் பார்த்தது இதைத்தான்: பெரும்பகுதி மாவுச்சத்து, கொழுப்பு மிகக் குறைவு.

தானியம், பயறு. பேலியோ பட்டியலில் முதலில் தடை செய்யப்பட்ட இரண்டு பொருட்கள்!

காலில்? வெறுங்கால்கூட இல்லை. பழைய டயரை வெட்டி, தோல்வார் கட்டிய செருப்பு.

11/
1991இல் இன்னொரு சோதனை வெளியானது. 13 ராராமுரிகளுக்கு ஐந்து வாரம் கொழுப்பும் சர்க்கரையும் கலோரியும் மிகுந்த பணக்கார நாட்டு உணவு கொடுத்தார்கள். அவர்களின் மொத்த கொலஸ்ட்ரால் 31% கூடியது, எடை சராசரியாக 3.8 கிலோ ஏறியது.

ஆக, அவர்களைக் காத்தது ஏதோ அபூர்வ மரபணு மட்டும் இல்லை. எளிய சாப்பாடும், நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கும் வாழ்க்கையும்தான்.

12/
"சரி டாக்டர், நிஜக் கற்கால மனிதன் தானியம் தின்னலையே?"

தின்றிருக்கிறான். கலிலேயா கடலோரத்தில் ஓஹாலோ என்ற இடத்தில், சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் காட்டு பார்லி, காட்டு கோதுமையைச் சேகரித்து அரைத்த தடயம் கிடைத்திருக்கிறது. ஜோர்டானில் 14,000 ஆண்டுகளுக்கும் முந்தைய கருகிய ரொட்டித் துண்டுகள் கிடைத்தன. இரண்டுமே விவசாயம் வருவதற்கு முன்பு. நியாண்டர்தால் மனிதனின் பல் காரையில்கூட வெந்த தானிய மாவின் துகள் இருந்தது.

கற்காலத்தில் எல்லாருக்கும் ஒரே மெனு இருந்ததில்லை. துருவப் பகுதியில் கிடைத்தது வேறு, ஆப்பிரிக்கப் புல்வெளியில் கிடைத்தது வேறு. கிடைத்ததைத் தின்று பிழைத்ததுதான் மனித இனத்தின் பலம்.

13/
ஓடுகிறவர் உடம்பைப் பற்றி மருத்துவம் என்ன கண்டது?

1924 பாஸ்டன் மாரத்தானில், ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். வெளிறிப்போய்த் துவண்டு விழுந்தவர்களுக்கு ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு, முதல் நாள் மாவுச்சத்து கூட்டிச் சாப்பிடச் சொல்லி, ஓடும்போது மிட்டாய் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஆட்களும் தெம்பாக முடித்தார்கள்.

14/
1967இல் ஸ்வீடனில் தொடைத் தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்து கிளைகோஜனை அளந்தார்கள். கிளைகோஜன் என்பது தசையில் சேமித்து வைக்கப்படும் சர்க்கரை. கடினமாக சைக்கிள் மிதிக்கவிட்டபோது:

மாவுச்சத்து இல்லாத உணவு: சராசரி 57 நிமிடம்
கலப்பு உணவு: 114 நிமிடம்
மாவுச்சத்து மிகுந்த உணவு: 167 நிமிடம்

கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்.

15/
"உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகிக்கும்" என்பார்கள். பழகிக்கொள்ளும், உண்மைதான். 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் உலகத் தர நடைப்போட்டி வீரர்களை மூன்று வாரம் மிகக் குறைந்த மாவுச்சத்தில் வைத்தார்கள். கொழுப்பு எரிவது கூடியது. ஆனால் அதே வேகத்துக்கு அதிக ஆக்சிஜன் செலவானது. மாவுச்சத்து சாப்பிட்டவர்களின் வேகம் கூடியது, இவர்களுக்குக் கூடவில்லை.

மாரத்தானை ஆளும் கென்யர்களின் சாப்பாட்டில் முக்கால் பங்கு மாவுச்சத்து. சோள மாவுக் களி, அவர்கள் பாஷையில் உகாலி. நம்ம ஊர் களிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி.

16/
மெல்லிய ஷூக்கள் என்ன ஆயின?

2013இல் அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு. பாதிப் பேர் பத்து வாரத்தில் ஐந்து விரல் ஷூவுக்கு மாறினார்கள். அந்த 19 பேரில் 10 பேருக்கு பாத எலும்புக்குள் வீக்கம் அதிகரித்திருந்ததை எம்ஆர்ஐ காட்டியது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்ற மயிரிழை எலும்பு முறிவுக்கு முந்தைய நிலை அது.

அதே ஆண்டு, வடக்கு கென்யாவில் செருப்பே போடாத தாசனாச் மக்களை ஓடவிட்டுப் பார்த்தபோது, நிதானமான வேகத்தில் பெரும்பாலும் குதிகாலில்தான் இறங்கினார்கள். எல்லாருக்கும் பொதுவான ஒரே "இயற்கை ஓட்டம்" என்பதும் கேள்விக்குள்ளானது.

2014இல் அந்த ஷூ நிறுவனம், தன் விளம்பரம் பற்றிய வழக்கை, தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

17/
வெறுங்கால் ஓட்டம் கெட்டதா? இல்லை. பிகிலாவும் ராராமுரிகளும் நடை பழகிய நாளிலிருந்து அந்தக் காலோடு வளர்ந்தவர்கள். தசையும் நாணும் எலும்பும் இருபது வருடத்தில் உறுதியானவை. முப்பது வருடம் ஷூவுக்குள் இருந்த காலை மூணு வாரத்தில் அப்படி மாற்ற முடியாது. தசை சீக்கிரம் பழகும். நாணும் எலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

18/
இப்போது ஒரு மருத்துவராக:

• சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் ஓட வேண்டாம், நடக்கவும் வேண்டாம். நரம்பு மரத்த காலில் முள் குத்தினால் தெரியாது. காலையே இழப்பது பெரும்பாலும் இப்படியொரு சின்னப் புண்ணில்தான் தொடங்குகிறது.

• இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற மருந்து எடுப்பவர்கள் தானாக மாவுச்சத்தைக் குறைத்துவிட்டு ஓடினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்குக் கீட்டோ அசிடோசிஸ் வரலாம். மருந்தை மாற்றாமல் உணவை மாற்றாதீர்கள், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

• எடைக்காகவோ சர்க்கரைக்காகவோ மாவுச்சத்தைக் குறைப்பது வேறு விஷயம், மருத்துவக் கண்காணிப்பில் பலன் தரும். மாரத்தான் பயிற்சி வேறு விஷயம். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

• மெல்லிய ஷூ ஆசையா? முதலில் வீட்டுக்குள் நடை, பிறகு சில நிமிட ஓட்டம், மாதக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். பாத எலும்பில் ஒரே இடத்தில் தொட்டால் வலி என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

19/
கற்கால மனிதனிடம் கற்க நிறைய இருக்கு. பாக்கெட் தின்பண்டம் இல்லை, குளிர்பானம் இல்லை, நாளெல்லாம் உடம்பு அசைந்தது, இருட்டினால் தூக்கம். இதையெல்லாம் விட்டுவிட்டு பருப்பையும் ஷூவையும் மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டோம்.

நீண்ட ஓட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி இட்லியோ சாதமோ வயிறாரச் சாப்பிடுங்கள். உங்கள் காலுக்குப் பொருந்தும் ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடுங்கள்.

ஓடும் உங்கள் நண்பர்களுக்கும் இதைப் பகிருங்கள்.