ஒரே வரியில் முடித்துவிடுகிற இருபது வருடங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற டீச்சர் என்று உங்களுக்குத் தெரியும்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் கேட்டவர்களுக்கு இரண்டு கதைகள் நினைவிருக்கும். ஒன்று, சின்ன வயதில் நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத் தூங்கி, காலையில் கண்ணாடியில் அதே பழுப்புக் கண்ணைப் பார்த்து ஏமாந்த கதை. இன்னொன்று, 1901இல் கோயிலுக்கு விடப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி அவரிடம் வந்து சேர்ந்த கதை. அதற்குப் பிறகு "கடைசிக் காலத்தில் நோய்வாய்ப்பட்டு 1951இல் காலமானார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் ஏறக்குறைய இருபது வருடம் இருக்கிறது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1867 டிசம்பரில் அயர்லாந்தில் பிறந்தவர். இளவயதிலேயே நரம்புவலி உண்டு. அது வந்தால் நாள்கணக்கில் படுத்துவிடுவார். இந்த உடம்போடு ஜப்பானுக்குப் போய், அங்கே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல், 1895இல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையில் வாக்கர் ஐயரிடம் தமிழ் படித்தார். அதன் பிறகு ஊருக்கு ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. களக்காட்டுக்குப் பக்கத்து டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தார். எல்லாருக்கும் அவர் 'அம்மா'. (டோனாவூர் என்பது தமிழ்ப் பெயரல்ல. அங்கே கோயில் கட்டப் பணம் கொடுத்த தோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயர்.)

நம் கோயில்களைப் பற்றி அவர் எழுதிய சிலவற்றை நான் ஏற்கமாட்டேன். அண்ணாமலையார் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் நிலைமை பொய்யில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அதற்காகத்தான் சட்டசபையில் போராடினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947இல்தான் வந்தது. அது வந்தபோது ஏமி அம்மையார் படுக்கையில் இருந்தார்.

1931 அக்டோபர். அவருக்கு வயது 63. களக்காட்டில் மருந்தகம் வைக்க ஒரு வீடு பார்த்திருந்தார்கள். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கச் சாயங்காலம் போனார். இருட்டுகிற நேரம். வேலையாட்கள் தோண்டக் கூடாத இடத்தில் ஒரு குழி தோண்டியிருந்தார்கள். அதில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. அந்த நேரத்தில் வண்டியில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். (எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டர் பணியாற்றிய ஆஸ்பத்திரி அதுதான்.) அன்று காலையில்தான், உமக்கு ஊழியம் செய்ய என்னைத் தகுதியாக்க எது வேண்டுமானாலும் செய்யும் என்று ஜெபித்திருந்தாராம்.

எலும்பு கூடினால் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எழவில்லை. மூட்டுவலி, நரம்பு அழற்சி, முதுகுவலி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. இரவில் தூக்கம் இல்லை. 'சமாதான அறை' என்று பெயரிட்ட அறையை விட்டு வெளியே வருவதே அரிதாயிற்று. டோனாவூர் முழுவதும் அவருக்காக ஜெபித்தது. டாக்டர்கள் கூடவே இருந்தார்கள், மருந்தும் கொடுத்தார்கள், அவரும் மறுக்காமல் சாப்பிட்டார். சுகம் மட்டும் வரவில்லை. 1948இல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தபின் அறவே படுக்கை.

இந்த இடத்தில் என் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். எனக்கு முடக்குவாதம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. கடைசி இரண்டு வருடம் சாக்பீஸ் பிடிக்க முடியாமல், போர்டில் எழுத வகுப்புத் தலைவியைத்தான் கூப்பிடுவேன். சிலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். பிரசங்கம் செய்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, "விசுவாசம் குறைவாக இருக்கிறது, அதுதான் தடை" என்றார். கூட வந்த சொந்தக்காரர்களும் தலையாட்டினார்கள். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் பிள்ளைகளே, இந்தப் பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வெகு நாள் யாரிடமும் வலிக்கிறது என்று சொல்லாமல் இருந்தேன். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பதோடு சரி.

டோனாவூர் அறையில் கிடந்த அந்த மனுஷியிடம் போய் யாராவது விசுவாசம் குறைவு என்று சொல்ல முடியுமா? அப்போஸ்தலனாகிய பவுலே தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை. யோபுவின் சிநேகிதர்களும் இப்படித்தான், உன்னிடம் ஏதோ குற்றம் இருக்கிறது என்று பக்கம் பக்கமாகப் பேசினார்கள். கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவர்களைத்தான்.

1933இல், விழுந்து இரண்டு வருடத்துக்குள், ஏமி அம்மையார் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். தலைப்பைத் தமிழில் 'முட்செடியில் ரோஜா' எனலாம். நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள் அவை. நலமாயிருக்கிறவர்கள் நோயாளிக்கு எழுதுவது வேறு, நோயாளி நோயாளிக்கு எழுதுவது வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுகிறார். நல்ல உடம்புக்காரர்களின் ஆறுதல் வார்த்தைகள் படுக்கைவரை வந்து சேர்வதில்லை என்பது அவருடைய அனுபவம். எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்ததே இதுதான். சுகமான பிறகு சாட்சி சொல்வதை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இவர் சுகம் வராமலே, வலி இருக்கும்போதே எழுதினார். வலி என்று ஒன்றும் இல்லை என்றும் சொல்லவில்லை. என்னை ஏன் இப்படிச் செய்தீர் என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்றும் சொல்லவில்லை. விளக்கம் வராமலே ஏற்றுக்கொள்வது என்று ஒன்று இருக்கிறது, அதில் சமாதானம் உண்டு என்பதுதான் அவர் சொன்னது. அதையும் ஒரே நாளில் கற்றவர் இல்லை.

அந்த அறையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்தன. புத்தகத்தைவிடப் பெரிது, பிள்ளைகளுக்கு ஆள் ஆளாகப் பார்த்து எழுதிய துண்டுச் சீட்டுகள். ஆசிரியர் வேலை பார்த்தவளுக்குத் தெரியும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு வரி எழுதுவது எவ்வளவு வேலை என்று.

நம் ஊரில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ரமணரைச் சொல்லாமல் விட முடியாது. கிட்டத்தட்ட அதே காலம். 1948 கடைசியில் அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் சிறு கட்டி. புற்றுநோய். 1949இல் நான்கு முறை அறுவை செய்தார்கள். நீங்களே உங்களைக் குணப்படுத்திக்கொள்ளக் கூடாதா என்று பக்தர்கள் அழுதார்கள். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை, வைத்தியம் செய்தவர்களையும் தடுக்கவில்லை, தரிசனத்தையும் நிறுத்தவில்லை. 1950 ஏப்ரல் 14இல் சமாதியானார். ஒன்பது மாதம் கழித்து 1951 ஜனவரி 18இல் டோனாவூரில் அம்மையார் கண்மூடினார், 83 வயதில். இரண்டு பேருடைய வழியும் வேறு, கடவுளைப் பற்றிச் சொன்னதும் வேறு. நான் என் வழியில்தான் நிற்கிறேன். ஆனால் ரமணருக்குப் பக்தி குறைவு என்று இந்த ஊரில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்களில் எத்தனை பேர் முட்டிவலியோடு சுற்றி முடித்து, அதே முட்டிவலியோடு பஸ் ஏறுகிறார்கள்! அடுத்த மாதமும் வருகிறார்கள். அவர்களிடமும் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று அம்மையார் சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, அதில் அம்மா என்ற சொல்லை மட்டும் பொறித்தார்கள்.

நம்மில் பலர் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டீர்கள். இடுப்பு, முதுகு, கழுத்து என்று ஆளுக்கொன்று இருக்கும். என்னிடம் அந்தப் புத்தகம் ஒரு பிரதி உண்டு, ஆங்கிலம்தான், கடினமில்லை. திருவண்ணாமலைப் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிப்போய்ப் படிக்கலாம். ஓரத்தில் பென்சிலால் நிறைய எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும். வருகிறபோது காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் என் விரல்கள் கதவுத் தாழ்ப்பாளைத் திறக்காது.