பதினோராம் வளைவும் பார்த்திருந்த மக்களும்

விளையாட்டைக் காணச் சென்றோர் சாவைக் கண்டு திரும்புதல் மனித வரலாற்றில் புதியதன்று. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறுதழுவலைக் கூறுமிடத்து, தொழுவில் பாய்ந்த இளைஞரை மட்டும் கூறி அமையவில்லை. பரண்மேல் இருந்து நோக்கிய ஆயர் மகளிரையும் உடன் கூறுகிறது. கொம்பு பட்டுக் குருதி சொரிந்தவனும் அதைக் கண்டு பதைத்தவளும் ஒரே பாட்டில் இடம் பெறுகின்றனர். பார்த்தவரும் நிகழ்ச்சியின் ஒரு கூறே என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இக்காலத்து மோட்டார்ப் பந்தய வரலாற்று நூல்களோ பெரும்பாலும் வண்டியையும் ஓட்டுநரையும் நேரக் கணக்கையுமே எழுதிச் செல்கின்றன. கம்பி வேலிக்கு அப்பால் நின்றவரைப் பற்றி ஓரிரு வரிகளே கிடைக்கும். அவ்வரிகளும் பழிச்சொற்களாக அமைந்துவிடுதல் உண்டு. அவ்வாறு பழிக்கப்பட்ட ஒரு கூட்டத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

ஜொகூர் மக்களுக்கு மோட்டார்ப் பந்தயம் நேற்று வந்த பொழுதுபோக்கன்று. இரண்டாம் உலகப் போர் நம் நாட்டை எட்டுவதற்கு முன்பே, 1940இல், ஜொகூர் பாரு நகரச் சாலைகளில் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. 1960களிலும் அந்நகரத் தெருக்கள் பந்தயப் பாதைகளாக மாறியதுண்டு. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 1961 முதல் 1973 வரை தாம்சன் சாலையில் பந்தயங்கள் நிகழ்ந்தன. 1986இல் பாசிர் கூடாங்கில் நிலையான ஓடுகளம் அமைந்தது. உலக மோட்டார் சைக்கிள் வாகையர் போட்டியின் மலேசியச் சுற்று 1998இல் அங்குதான் நடைபெற்றது. மறு ஆண்டே அச்சுற்று சிலாங்கூரின் செப்பாங்கிற்குச் சென்றுவிட்டது. அதன் பின்னர் ஜொகூர் இரசிகர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நெடுஞ்சாலைப் பயணம் செய்து அங்கே போகலாயினர். அவர்களுள் பலர் செல்வதும் மோட்டார் சைக்கிளில்தான். பந்தயத்தில் ஓடும் வண்டியின் தம்பியை ஓட்டிக்கொண்டு அண்ணனைப் பார்க்கப் போகிறார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பழைய சாலைப் பந்தயங்களில் பார்வையாளருக்கும் சாவுக்கும் இடையே பெருந்தொலைவு இருந்ததில்லை. தாம்சன் சாலையில் மக்கள் மண்மேட்டிலும் வடிகால் ஓரத்திலும் நின்று பார்த்தனர். விளக்குக் கம்பமும் மரமுமே பாதையின் எல்லைகள். அங்கே 1972இல் லியோனல் சான் என்னும் இளம் ஓட்டுநரும், 1973இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜோ ஹூபரும் விபத்துக்குள்ளாகி மாண்டனர். 1973ஆம் ஆண்டோடு அப்பந்தயம் நிறுத்தப்பட்டது. 2008இல் மரினா பே இரவுப் பந்தயம் தொடங்கும்வரை சிங்கப்பூரில் கிராண்ட் பிரீ இல்லை. அக்காலத்தில் விபத்தைக் கண்டவர் கண்ணால் கண்டனர்; காணாதவர் வாய்ச்சொல்லால் அறிந்தனர். செய்தி கூட்டத்தின் ஊடாகவே நடந்து சென்றது.

செப்பாங் அத்தகையதன்று. ஐந்தரைக் கிலோமீட்டர் நீளமுள்ள பாதை. அதன் ஒரு பகுதியை மட்டுமே எந்த இருக்கையிலிருந்தும் காணலாம். மற்றவற்றைத் திரையே காட்டவேண்டும், ஒலிபெருக்கியே சொல்லவேண்டும். திரையும் ஒலிபெருக்கியும் வாய் மூடிக்கொண்டால், பல்லாயிரவர் கூடியிருந்தும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. 2011 அக்டோபர் 23ஆம் நாள் நடந்ததை விளங்கிக்கொள்ள இவ்வமைப்பை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அன்று பிற்பகல் 4 மணிக்குப் பந்தயம் தொடங்கியது. இத்தாலியரான மார்கோ சிமோன்செல்லி 58ஆம் எண் ஹோண்டாவில் முன்னணிக் கூட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தார். வயது 24. அடர்ந்து சுருண்ட தலைமுடி அவருடைய அடையாளம். துணிச்சல் மிகுந்த ஓட்டத்தால் அன்பும் வசையும் ஒருங்கே பெற்றவர். செப்பாங் மக்களுக்கு அவர் அயலாரும் அல்லர். மூன்று ஆண்டுகளுக்கு முன் 2008இல் இதே களத்தில்தான் 250 சிசி பிரிவின் உலக வாகையராக அவர் உறுதியானார். அன்று அவருக்காகக் கைதட்டியவர் பலர் இன்றும் வந்திருந்தனர்.

இரண்டாம் சுற்றில், பதினோராம் வளைவில், அவர் வண்டி சாய்ந்தது. வழுக்கிய வண்டி பாதைக்கு வெளியே ஓடிவிடுதலே வழக்கம். பெரும்பாலும் ஓட்டுநர் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு நடந்துவிடுவார். அன்று அவ்வாறு நிகழவில்லை. சாய்ந்த வண்டியின் சக்கரங்கள் மீண்டும் தரையைப் பற்றிக்கொண்டன. வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு பாதையின் குறுக்கே திரும்பியது. பின்னால் வந்த காலின் எட்வர்ட்ஸும் வாலன்டினோ ரோசியும் விலக இடமின்றி மோதினர். சிமோன்செல்லியின் தலைக்கவசம் கழன்று உருண்டது. ரோசி அவருக்கு மூத்தோரும் நண்பருமாவார். விதி என்று சொல்லி இதைக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் வேறு சொல் அகப்படவுமில்லை.

செங்கொடி காட்டப்பட்டது. வண்டிகள் திரும்பின. களத்தின் மருத்துவ மனையில் மருத்துவர்கள் முக்கால் மணி நேரம் உயிர்ப்பிக்க முயன்றனர். மாலை 4.56க்கு அவர் இறந்தார் என்று உறுதி செய்யப்பட்டது. அவருடைய தந்தை பாவ்லோ அப்போது அக்களத்திலேயே இருந்தார்.

இனி இருக்கைகளில் இருந்தோரைக் காண்போம். செங்கொடி விழுந்தவுடன் மறுதொடக்கம் உண்டு என்றே பலரும் காத்திருந்தனர். ஒரு மணி நேரத்தை எட்டும் அளவுக்குக் காத்திருந்தனர். பின்னர்ப் பந்தயம் கைவிடப்பட்டது என்னும் அறிவிப்பு வந்தது. ஏன் என்பது தெளிவாக வரவில்லை. கூட்டத்தின் ஒரு பகுதியினர் கூச்சலிட்டனர்; சிலர் நெகிழிப் புட்டிகளைப் பாதையில் வீசினர். உலகச் செய்தித்தாள்கள் இதனையும் எழுதின. ஓர் இளைஞன் இறந்து கிடக்க, நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணத்திற்காகப் புட்டி எறிந்தவர் என்னும் பழி அன்று மலேசிய இரசிகர் தலையில் விழுந்தது.

புட்டி எறிதலை நான் ஏற்கவில்லை. எந்தக் களத்திலும் அது இழிசெயலே. ஆனால் அவர்கள் எறிந்தது இறந்த ஓட்டுநரின்மேல் அன்று. தங்களை இருளில் இருத்திய மௌனத்தின்மேல். பந்தயம் நின்றது என்னும் செய்தி முந்திக்கொண்டது. காரணம் பிந்தி வந்தது. காரணம் தெரிந்தபின் அக்கூட்டம் என்னவாயிற்று என்பதை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தவர் அறியார். கூச்சலிட்ட வாய்கள் அடங்கின. அழுதவர் உண்டு. பின்னர் அவர்கள் தம் தலைக்கவசங்களை மாட்டிக்கொண்டு, இருட்டத் தொடங்கிய சாலையில் தம் மோட்டார் சைக்கிள்களில் வீடு திரும்பவேண்டியிருந்தது. நம் நாட்டுச் சாலைகளில் மடிவோருள் பத்துக்கு ஆறு பேருக்குக் குறையாதோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர் என்பதை எண்ணினால், அப்பயணத்தின் கனம் விளங்கும்.

அமைப்பாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. இறப்புச் செய்தி முதலில் குடும்பத்தாரை அடைதல் வேண்டும். அதன் பிறகே ஊருக்கு. அதனை யாரும் மறுக்க இயலாது. ஆனால் ‘ஓட்டுநர் ஒருவரின் நிலை கவலைக்கிடமாக உள்ளது, ஆகவே பந்தயம் இல்லை’ என்று சொல்வதற்குக் குடும்பத்தாரின் இசைவு வேண்டியதில்லை. அந்த ஒரு வாக்கியத்தை, எல்லார்க்கும் விளங்கும் மொழியில், உரிய நேரத்தில் சொல்லியிருந்தால் போதும்.

ஓராண்டுக்கு முன் நடந்த ஒன்றை இதனோடு வைத்துப் பார்க்கலாம். 2010 செப்டம்பர் 5ஆம் நாள் இத்தாலியின் மிசானோ களத்தில், 19 வயதினரான ஜப்பானிய ஓட்டுநர் ஷோயா டொமிசாவா இவ்வாறே பின்வந்த வண்டிகளால் மோதுண்டார். அங்கே செங்கொடி காட்டப்படவில்லை. அவர் ஓடிய பந்தயம் முடியும்வரை ஓடியது. அடுத்த பெரும்பிரிவுப் பந்தயமும் நடந்தது. கூட்டம் வழக்கம்போல் ஆரவாரம் செய்தது. அதற்குள் டொமிசாவா மருத்துவமனையில் இறந்திருந்தார். ஒன்றும் அறியாமல் ஆரவாரித்த மிசானோ கூட்டத்தை எவரும் பழிக்கவில்லை; ஒன்றும் அறியாமல் சினந்த செப்பாங் கூட்டமோ பழிக்கப்பட்டது. அறியாமை ஒன்றே, அதன் முகம்தான் வேறு. சினத்தைக் காட்டிலும் அந்த ஆரவாரமே என் நெஞ்சை அதிகம் வருத்துகிறது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1955 சூன் 11ஆம் நாள் பிரான்சின் லெ மான் களத்தில் ஒரு மகிழுந்து பார்வையாளர் இடையே சிதறி விழுந்து 80 பேருக்கு மேல் மாண்டனர். அன்றும் பந்தயம் நிறுத்தப்படவில்லை. நிறுத்தினால் மக்கள் திரண்டு வெளியேறி மருத்துவ ஊர்திகளின் வழியை அடைத்துவிடுவர் என்று காரணம் கூறப்பட்டது. களத்தின் ஒரு புறம் பிணங்கள். மறுபுறம் இருந்தோர் இரவெல்லாம் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தனர். சுவிட்சர்லாந்து அதன்பின் தன் மண்ணில் களப் பந்தயங்களையே தடை செய்தது.

சிமோன்செல்லியின் இறுதிச் சடங்கு அக்டோபர் 27ஆம் நாள் அவருடைய ஊராகிய கொரியானோவில் நிகழ்ந்தது. சிற்றூர் கொள்ளாத அளவு பல்லாயிரவர் கூடினர். நவம்பர் 6ஆம் நாள் வலென்சியாவில் அவ்வாண்டின் இறுதிப் பந்தயம். வழக்கப்படி ஒரு நிமிட மௌனம் காக்க எண்ணியபோது, மௌனம் வேண்டா, ஒரு நிமிடம் பேரொலி எழுப்புங்கள் என்று தந்தை பாவ்லோ கேட்டுக்கொண்டார். மூன்று பிரிவு ஓட்டுநரும் ஒருங்கே களத்தைச் சுற்றிவந்தனர். பழைய வாகையரான கெவின் ஷ்வான்ட்ஸ் 58ஆம் எண் வண்டியில் முன் சென்றார். பின்னர் வெடிகள் முழங்க, எந்திரங்கள் அலற, கூட்டம் கத்தித் தீர்த்தது.

மேலைநாட்டுச் செய்தியாளர் சிலருக்கு இது புதுமையாகத் தோன்றிற்று. நமக்கு அதில் புதுமை ஏது? சாப்பறை முழங்கிய நிலம் நம்முடையது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர் எவரும், சாவு வீட்டில் தப்பு அதிர்ந்த ஒலியையும், அதற்கேற்ப ஆடிச் சென்றோரையும் மறந்திரார். பேசாது நிற்றலும் துயரம், முழக்குதலும் துயரமே. ஒலியைக் கொண்டு ஒரு கூட்டத்தின் உள்ளத்தை அளக்க முற்படுவோர் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் நன்று.

வலென்சியா முழக்கத்திற்குப் பின்னர் நடந்தவையும் நமக்குப் பழக்கமானவையே. களத்தில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, பெயரும் பெருமையும் பொறித்து, மயிற்பீலி சூட்டி வழிபட்டது சங்கத் தமிழகம். அதன் படிகளைத் தொல்காப்பியம் காட்சி தொடங்கி வாழ்த்து ஈறாக வரிசைப்படுத்துகிறது. செப்பாங்கின் பதினோராம் வளைவில் 2012இல் சிமோன்செல்லிக்கு நினைவுப் பலகை வைக்கப்பட்டது. மிசானோ களம் அவர் பெயர் தாங்கிற்று. டொமிசாவா இறந்த களம் அது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 2016இல் 58ஆம் எண் பெரும்பிரிவில் வேறு எவருக்கும் வழங்கப்படாது என்று முடிவாயிற்று. பலகையின் முன் இரசிகர் மலர் வைப்பதைப் போற்றுகிறேன். எனினும் பாதுகாப்பு விதியைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்வியை அதனினும் மேலாகப் போற்றுகிறேன்.

அக்கேள்வி 2021இல் உரக்கக் கேட்டது. அவ்வாண்டு மே மாதம் இத்தாலியின் முஜெல்லோவில் 19 வயது சுவிஸ் ஓட்டுநர் ஜேசன் டுபாஸ்கியே தகுதிச் சுற்றில் மோதுண்டு மறுநாள் இறந்தார். இம்முறை செய்தி மறைக்கப்படவில்லை. ஒரு நிமிடம் மௌனம் காத்த பின் பந்தயம் தொடங்கியது. அப்படித் தொடங்கியது சரியா என்று ஓட்டுநரும் இரசிகரும் வெளிப்படையாகவே வாதிட்டனர். அதே ஆண்டு ஸ்பெயின் நாட்டுக் களங்களில் 14 வயதினர் ஒருவரும் 15 வயதினர் ஒருவரும் இளையோர் பந்தயங்களில் மாண்டனர். அதன் பின்னரே உலகக் கூட்டமைப்பு, உலக வாகையர் போட்டியில் ஓடுவதற்குரிய குறைந்த வயதை 2023 முதல் 18ஆக உயர்த்துவதாக அறிவித்தது.

தமிழகமும் இத்துயரத்திற்குப் புறம்பாக இல்லை. சோழவரம் விமானத் திடலில் பந்தயம் பார்த்த தலைமுறைக்குப் பின், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான களம் அமைந்தது. 2023 சனவரி 8ஆம் நாள் அங்கு நடந்த தேசிய மகிழுந்துப் பந்தயத்தில், 59 வயதினரும் அனைவராலும் மதிக்கப்பட்டவருமான கே. இ. குமார், வேறொரு வண்டியோடு உரசிப் பாதையை விட்டு விலகி வேலியில் மோதி இறந்தார். அன்றைய எஞ்சிய பந்தயங்கள் அனைத்தும் கைவிடப்பட்டன. புட்டி எறிந்தவர் எவரும் இலர். நடந்தது இன்னதென்று வந்திருந்தோர்க்குத் தெரிந்திருந்தது.

அதே களத்தில், அதே ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், பெங்களூரைச் சேர்ந்த 13 வயது மாணவர் ஒருவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் தொடக்கத்திலேயே விழுந்து உயிரிழந்தார். அவ்வார இறுதியின் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. ஏழாம் எட்டாம் வகுப்பில் அமரவேண்டிய வயது. அவ்வயது மாணவரை நாள்தோறும் காணும் நமக்கு, அவர்கள் ஏட்டின் அட்டையில் பந்தய எண்களை வரைந்து வைத்திருப்பதும் தெரியும். அச்சிறுவர் அடுத்து ஓடுவதாக இருந்த பந்தயம் அதே மாதம், செப்பாங்கில்.