திபெத்திய ஒளிப்படக்கலை: புலம்பெயர்ந்தோரின் கேமரா

திபெத்திய மொழியில் ஒளிப்படத்துக்கு 'பர்' என்று பெயர். மரப்பலகையில் எழுத்தைச் செதுக்கி, மை தடவி, நீள்தாளில் ஒற்றியெடுக்கும் பழைய அச்சுமுறைக்கும் அதே சொல்தான். கேமரா வந்தபோது புதுச்சொல் தேட வேண்டியிருக்கவில்லை. 1959க்குப் பிறகு இந்தியா, நேபாளம், பூட்டான், மேலைநாடுகள் எனச் சிதறிய திபெத்தியர்கள் தங்களைத் தாங்களே படமெடுத்துக்கொண்ட வரலாறு, வெளிநாட்டு அன்பர்கள் அவர்கள் கையில் கேமராவைக் கொடுத்த நாளிலிருந்து தொடங்குவதாகச் சொல்லப்படுவதுண்டு. உண்மையில் அதன் வேர் லாசாவிலேயே, நாடு சீனாவின் கைக்குப் போவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இருக்கிறது.

லாசாவில்

வெளியாருக்குக் கதவடைத்திருந்த லாசாவை முதலில் படமெடுத்தவர்களில் இருவர் ரஷ்யப் பேரரசின் குடிகளான பௌத்தர்கள்: கல்மிக் இனத்தவரான நோர்சுனோவும் புரியாத் இனத்தவரான சிபிக்கோவும். 1900, 1901 ஆண்டுகளில் அவர்கள் எடுத்த படங்கள் 1905 ஜனவரியில் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் வெளிவந்தன. இதற்கிடையே, 1904இல், லாசாமீது படையெடுத்த பிரிட்டிஷ் அதிகாரி யங்ஹஸ்பண்டின் படையோடு பிரிட்டிஷ் கேமராக்களும் நுழைந்துவிட்டன. அதன்பின் வந்த அதிகாரிகள் எடுத்துக் குவித்த படங்களில் பெரும்பகுதி இன்று ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலும் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளது. தொகுப்புகள் பெரும்பாலும் அதிகாரிகளின் பெயரால் வழங்குகின்றன. ஆனால் அவர்களில் ஒருவரான சார்லஸ் பெல் 1920-21இல் லாசாவில் தங்கியிருந்தபோது சேர்த்த படங்களில் கணிசமானவற்றை எடுத்தவர் அவருடைய பணியாளர், சிக்கிமைச் சேர்ந்த ரப்தென் லெப்சா. பெயர்ப்பலகையில் துரை, கேமராவுக்குப் பின்னால் பணியாள் என்ற ஏற்பாடு அந்தக் காலத்தில் புதிதல்ல.

பதின்மூன்றாம் தலாய் லாமா அமர்ந்த கோலத்தில் எடுக்கப்பட்ட படம் தனி வரலாறு உடையது. அதன் பிரதிகளில் அவர் கையெழுத்தும் முத்திரையும் இட்டு மடங்களுக்கும் வேண்டியவர்களுக்கும் வழங்கினார். பெற்றவர்கள் அதைச் சிலைக்குப் பதிலாக வழிபாட்டில் வைத்தார்கள். படச்சட்டத்துக்குள் இருப்பது உருவம் மட்டுமன்று, அவருடைய அருளும் அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கை அன்று வேரூன்றியது. இன்றும் புலம்பெயர்ந்தோர் வீட்டுப் பூசை அலமாரியில் நீர்க்கிண்ணங்களுக்கு மேலே தலாய் லாமாவின் படம் இருக்கும். திபெத்துக்குள் 1996 முதல் அந்தப் படத்துக்குக் கடுமையான தடை விழுந்ததும், கான்டென் மடத்தில் அதையொட்டி மோதல் வெடித்ததும் இந்தப் பின்னணியில்தான் விளங்கும்.

திபெத்தியர்களுக்குள் முதல் ஒளிப்படக்கலைஞர் எனப்படுபவர் பத்தாம் டெமோ ரின்போச்சே (1901-1973). டெங்கியேலிங் மடத்தின் அவதார லாமா; பதின்மூன்றாம் தலாய் லாமாவின் உறவினர். அவருக்கு அடுத்த தலைமுறையில் டுண்டுல் நம்கியால் சாரோங் (1920-2011) வருகிறார். தலாய் லாமாவின் நம்பிக்கைக்குரிய தளபதியாக இருந்த சாரோங்கின் மகன், டார்ஜிலிங்கில் படித்தவர். லாசாவின் விழாக்களையும் பிரபுக்களின் குடும்பங்களையும் உள்ளேயிருந்து எடுத்தவர். அவருடைய படங்கள் 1990இல்தான் நூலாயின. 'திபெத் என்னவாக இருந்தது' என்ற பொருளில் வைத்த அந்தத் தலைப்பின் இறந்தகாலமே போதும், எடுத்ததற்கும் அச்சானதற்கும் இடையே என்ன நடந்தது என்று சொல்ல.

டெமோவுக்கு நேர்ந்தது வேறு. அவர் லாசாவிலேயே தங்கிவிட்டார். 1966இல் பண்பாட்டுப் புரட்சியின்போது செங்காவலர்கள் அவரையும் மனைவியையும் தெருவில் இழுத்து அவமதித்தார்கள். அப்போது அவர் கழுத்தில் அவருடைய கேமராவையே தொங்கவிட்டிருந்தார்கள், அந்நிய உளவாளி என்பதற்குச் சான்றாக. அந்தக் காட்சியைப் படமெடுத்தவரும் ஒரு திபெத்தியர்தான்: சீனப் படையில் அதிகாரியாக இருந்த செரிங் டோர்ஜே. அவர் மகள், எழுத்தாளர் வோசர், தந்தையின் படச்சுருள்களைப் பாதுகாத்து, படங்களில் இருந்தவர்களைத் தேடிப் பேசி, 2006இல் தைவானில் நூலாக வெளியிட்டார். பாதிக்கப்பட்டவர் கேமராவோடு நிற்கிறார். எதிரே கேமராவோடு நிற்பவரும் அவர் இனத்தவர். திபெத்திய ஒளிப்பட வரலாற்றில் இதைவிடக் கனமான படம் வேறில்லை என்றே சொல்ல வேண்டும்.

1959க்குப் பின்

1959 மார்ச் 17 இரவு லாசாவை விட்டுக் கிளம்பிய பதினான்காம் தலாய் லாமா மார்ச் 31 அன்று இந்திய எல்லைக்குள் வந்தார். அசாமின் தேஸ்பூரில் உலகப் பத்திரிகைகளின் கேமராக்கள் காத்திருந்தன. பின்தொடர்ந்து வந்தவர்கள் மிசாமாரி முகாமில் தங்கி, அங்கிருந்து இமயமலைச் சாலைப் பணிக்குக் கூலிகளாகப் போனார்கள். அவர்களில் பலருடைய குடும்ப ஆல்பங்கள் லாசாவோடு போயின. புதிய நாட்டில் அவர்களைப் பற்றி இரண்டே வகைப் படங்கள்தாம் பெருகின.

முதலாவது, பதிவுச் சான்றிதழின் படம். இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. சட்டத்தின் கண்ணில் திபெத்தியர் வெளிநாட்டவர், ஒவ்வொருவரும் 'ஆர்.சி.' எனப்படும் பதிவுச் சான்றிதழ் வைத்திருந்து, தவணை முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கு 'ஐ.சி.' எனப்படும் மஞ்சள் அட்டைப் புத்தகம். பலருக்கு வயது ஏற ஏற முகம் மாறியதைச் சொல்லும் ஒரே தொடர்ச்சியான சான்று இந்தச் சிறு படங்கள்தாம்.

இரண்டாவது, புரவலருக்கு அனுப்பும் படம். 1960இல் 51 குழந்தைகளோடு தரம்சாலாவில் தொடங்கிய காப்பகம் பின்னர் திபெத்தியக் குழந்தைகள் கிராமமாக வளர்ந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள புரவலர்களின் உதவித்தொகை இத்தகைய நிறுவனங்களைத் தாங்கியது. குழந்தையின் படம் கடிதத்தோடு கடல் கடந்தது. இரண்டு வகையிலும் எடுக்கப்படுபவர் நேராகப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும். கர்நாடகத்தின் பைலக்குப்பேயில் குடியேற்றம் அமைந்து அறுபதாண்டு கடந்தபின், குடகுக்குச் சுற்றுலா போகும் நம்மவர்கள் அங்குள்ள பொற்கோயிலில் சின்னத் துறவிகளை நிறுத்தி எடுக்கும் படங்களும் ஏறத்தாழ அதே கோணத்தில் அமைந்திருப்பதைக் கவனிக்கலாம்.

இதே ஆண்டுகளில், யாருக்கும் காட்டுவதற்காக அல்லாமல் சேர்ந்த ஒரு தொகுப்பு உண்டு. லாமோ செரிங் (1924-1999) சீனாவுக்கு எதிரான 'சுஷி காங்ட்ருக்' கொரில்லாப் படையின் நிர்வாகத் தூண்களில் ஒருவர், அமெரிக்க சி.ஐ.ஏ.விடம் பயிற்சி பெற்றவர். நேபாளத்தின் முஸ்தாங் பகுதியில் அந்தப் படை 1974 வரை இயங்கியது. அவர் ஆவணங்களையும் வரைபடங்களையும் வீரர்களின் படங்களையும் ஒழுங்காகச் சேமித்தார். 1974இல் கைதாகிக் காத்மாண்டு சிறையில் ஆண்டுகள் கழித்தார். அவர் மகன் டென்சிங் சோனமும் ரித்து சரினும் அந்தச் சேமிப்பைக் கொண்டு 1998இல் ஆவணப்படம் எடுத்தார்கள். 2019இல் பெர்லினில் அந்தச் சேமிப்பு கண்காட்சியாகவும் அமைந்தது. அமைதியே வடிவான திபெத்தியர் என்று உலகம் வைத்திருந்த சித்திரத்தில் துப்பாக்கியோடு நிற்கும் இந்த இளைஞர்களுக்கு இடமில்லை. அவர்களுடைய சொந்தப் பெட்டியில் இருந்தது.

கேமராவைக் கையளித்தல்

எளிய மக்களிடம் கேமராவைக் கொடுத்து அவர்கள் வாழ்வை அவர்களே பதியச் செய்யும் முறை 1990களில் ஆய்வுலகில் வடிவம் பெற்றது. கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் 1992இல் இதைச் செய்துபார்த்த இடம், வேடிக்கையாக, சீனாவின் யுன்னான் மாகாணம். பங்கேற்றவர்கள் 62 கிராமப் பெண்கள். அந்த மாகாணத்தின் வடமேற்கு மூலை திபெத்தியர் வாழும் மலைநாடு. இந்த எண்ணம் பரவிய காலத்தில்தான், 2000ஐயொட்டி, 'திபெத் போட்டோ புராஜெக்ட்' என்ற அமெரிக்க முயற்சி இந்தியாவில் வாழ்ந்த திபெத்தியத் துறவிகளுக்கு ஒரு தடவை மட்டும் பயன்படும் கேமராக்களை அனுப்பியது. திரும்பி வந்த படங்கள் கண்காட்சிகளில் வைக்கப்பட்டன.

இத்தகைய முயற்சிகளைப் பாராட்டும்போது 'குரலற்றவர்களுக்குக் குரல்' என்ற சொல்லாட்சி வழக்கமாக வந்து ஒட்டிக்கொள்ளும். டெமோவையும் சாரோங்கையும் அறிந்தவருக்கு அது பொருந்தாது. கண்ணும் கையும் முன்பே இருந்தன. இல்லாமல் போனவை ஆல்பமும் அச்சகமும், படத்தின் கீழே யார் பெயரை எழுதுவது என்று முடிவுசெய்யும் அதிகாரமும்தான். ஆனாலும் துறவிகளின் அந்தப் படங்களில் ஒன்று கிடைத்தது: எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒரே சமையற்கட்டில் உண்பவர்கள் என்ற சகஜம்.

கலைஞர்கள்

லாசாவில் 1961இல் பிறந்து, தரம்சாலா வழியாக 1996இல் லண்டன் சேர்ந்த கோங்கர் கியாட்சோ, 2003இல் 'என் அடையாளம்' என்ற நான்கு படங்களின் வரிசையை உருவாக்கினார். 1930களில் அமெரிக்கப் பயணி கட்டிங் லாசாவில் எடுத்த ஓவியர் ஒருவரின் படமே அதற்கு மூலம். நான்கிலும் ஓவியராக உட்கார்ந்திருப்பவர் கியாட்சோவே. ஒன்றில் மரபுவழித் தங்கா ஓவியம் தீட்டுகிறார், அடுத்ததில் மாவோ, அடுத்ததில் அகதியாகத் தலாய் லாமா, கடைசியில் லண்டன் அறையில் நவீனக் கலை. அந்நியர் எடுத்த படத்தை வாங்கி அதற்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்ட துணிச்சல் இது.

பின்வந்தவர்கள் குரலைத் தணித்தார்கள். சிக்கிமில் வளர்ந்த டென்சிங் டக்பா, காங்டாக்கில் பெற்றோர் நடத்திய விடுதியையே 'தி ஹோட்டல்' என்ற தொடராக்கினார். கொடியோ முழக்கமோ இல்லை, வீடும் தொழிலும் ஒன்றான அறைகள்தாம். லாசாவைச் சேர்ந்த நியேமா ட்ரோமா, உள்நாட்டு இளைஞர்களையும் பிரிட்டனில் வாழும் திபெத்தியரையும் எடுத்த படங்கள் 2018இல் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன, அதிகாரிகளின் பழைய படங்கள் இருக்கும் அதே கூரையின் கீழ்.

எல்லை தாண்டும் படங்கள்

திபெத்துக்குள்ளிருந்து படம் அனுப்புவது ஆபத்தான வேலை. 2007-08இல் டோண்டுப் வாங்சென் சாதாரண மக்களின் பேச்சைப் பதிந்து நாடாக்களைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவைத்தார். படம் வெளியானது, அவருக்கு 6 ஆண்டு சிறை. மறுபுறம், 2012 மார்ச் 26 அன்று டெல்லியில் புலம்பெயர்ந்த திபெத்தியரான ஜம்பேல் யேஷி தீக்குளித்து ஓடிய காட்சியை உலகுக்குக் கொண்டுபோனவை செய்தி நிறுவனங்களின் கேமராக்கள். தரம்சாலாவின் சுவர்களில் அது உடனே சுவரொட்டியாயிற்று.

2000இல் தரம்சாலாவில் தொடங்கி, 2022இல் கங்சென் கியிஷோங்கின் புதிய கட்டடத்துக்கு மாறிய திபெத் அருங்காட்சியகம் பழைய படங்களைச் சேகரித்துவருகிறது. ஆனால் அன்றாடப் படங்கள் ஓடிய தடம் வேறு. 2008க்கு முன் ஆண்டுக்கு இரண்டாயிரம் பேருக்குமேல் மலை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். பிறகு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டது. பிரிந்த குடும்பங்கள் வீசாட் செயலியில் முகம் பார்த்தன. மகனின் திருமணம், தாயின் நரை, முற்றத்து யாக் எல்லாம் அதில் வந்தன. தலாய் லாமாவின் படத்தை மட்டும் யாரும் அனுப்பமாட்டார்கள், பெறுபவர் சிறைக்குப் போவார் என்பதால். கல்வானில் இந்திய, சீனப் படைகள் மோதியதைத் தொடர்ந்து 2020 ஜூன் 29 அன்று இந்தியா தடைசெய்த 59 சீனச் செயலிகளில் வீசாட்டும் ஒன்று.