வெள்ளிக்கிழமை ஆட்டமும் வியாழக்கிழமை ஆட்டமும்

கடலை பிடுங்கி, ஆய்ஞ்சு, காய வச்சு மூட்டை கட்டியாச்சு. கொடியைப் போர் போட்டு முடிக்கிற வரைக்கும் மழை பொறுத்துக்கிட்டது. இனி பத்து நாளைக்குக் கை சும்மாதான். ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டு இருந்ததை இப்ப எழுதிடறேன்.

மகள் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரியும் டெக்சாஸ் போய் நாலு மாசம் இருந்துட்டு வந்தோம். அங்க அக்டோபர்ல ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை, "கிளம்புங்க மாமா, பருத்திக் காடு காட்டறேன்"னு கூட்டிட்டுப் போனார். நாலு மணி நேரம் கார். ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டின தூரம் வெடிச்ச பருத்தி. ஒரு ஆள் தலை தெரியலை. நாங்க போய்ச் சேர்ந்த ஊருன்னு பார்த்தா ஒரு ஜின்னிங் மில், ஒரு தண்ணி டேங்க், ரெண்டு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான். சாயங்காலம் ஆறு மணிக்கே கடையெல்லாம் பூட்டு. ஏதோ பெரிய சாவு போலன்னு நினைச்சேன். "எல்லாரும் மேட்சுக்குப் போயிருப்பாங்க மாமா"ன்னார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி மைதானம். உயரமான கம்பத்துல விளக்கு. சுத்தி வண்டிகளை நிறுத்தி, பின்பக்கக் கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்திருக்காங்க. பல்லுப் போன கிழவர்கூடப் பள்ளிக்கூடத்து நிறத்துல பனியன் போட்டுக்கிட்டு வந்திருக்கார். பேரன் ஆடறானான்னு மாப்பிள்ளை விட்டுக் கேட்டேன். பேரனே கிடையாதாம். 50 வருஷத்துக்கு முன்னாடி அவர் ஆடின அணியாம்.

அங்க ஃபுட்பால்னா நாம நினைக்கிற மாதிரி காலால உதைக்கிறது இல்லை. முட்டை மாதிரி இருக்கிற பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடணும், எதிராளி பாய்ஞ்சு கட்டிப்பிடிச்சுக் கீழே தள்ளணும். நம்ம சடுகுடு பார்த்துப் பழகின கண்ணுக்கு அரை மணி நேரத்துல பிடிபட்டுடும். வழக்கமா பக்கத்துக்கு 11 பேர். ஆனா இங்க எண்ணிப் பார்த்தா ஆறு பேர்தான். ஏன்னு கேட்டதுல இருந்துதான் இந்தக் கதையே ஆரம்பிக்குது.

1934. அமெரிக்காவுல பெரும் பொருளாதார மந்தம், மழையும் பொய்ச்ச காலம். நெப்ராஸ்கா மாநிலத்துல கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல 11 பையன்களைத் திரட்டவும் வழியில்லை, அத்தனை பேருக்குக் கவசம் வாங்கவும் காசில்லை. அப்ப ஸ்டீஃபன் எப்ளர்னு ஒரு இளம் வாத்தியார், ஆறே பேர் ஆடற மாதிரி விதிகளை மாத்தி எழுதினார். நாலு கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ரெண்டு அணியாக்கி, அந்த செப்டம்பர்ல ஹெப்ரான்ங்கற ஊர்ல விளக்கு வெளிச்சத்துல முதல் ஆட்டம் நடந்தது. 19-19ன்னு சமன்ல முடிஞ்சதாம். மைதானத்தையும் 100 கெஜத்துல இருந்து 80 கெஜமாக் குறைச்சாங்க. ஒரு அணி 45 புள்ளி முந்திட்டா, பாதி நேரத்துக்கு மேல ஆட்டத்தை அதோட நிறுத்திடணும். அடி வாங்கற ஊரும் மானத்தோட வீடு போகட்டும்னு வச்ச விதின்னு நினைக்கிறேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். 1938 வாக்குல டெக்சாஸும் இதை எடுத்துக்கிச்சு. இன்னைக்கும் அங்க மேல்நிலை வகுப்புகள்ல சுமார் நூறு பிள்ளைகளுக்கு மேல் இல்லாத சின்னப் பள்ளிகள் ஆடறது இந்த ஆறு பேர் ஆட்டத்தைத்தான்.

விவசாயம் பெருசாக ஆக ஊர் சின்னதாகும். முன்னே நூறு குடும்பம் செஞ்ச வெள்ளாமையை இப்ப பத்துக் குடும்பம் மிஷினை வச்சு செய்யுது. பிள்ளைகள் குறையக் குறைய, பக்கத்து ஊர்ப் பள்ளியோட சேர்த்துடுவாங்க. பள்ளிக்கூடம் போனா அணி போச்சு, வெள்ளிக்கிழமை போச்சு. அப்புறம் அந்த ஊர்ல மனுஷன் ஒண்ணு கூடறதுக்கு ஞாயித்துக்கிழமை சர்ச்சை விட்டா வேற இடம் கிடையாது. அந்தக் கிழவர் எதுக்கு பனியன் போட்டு வந்து உட்கார்ந்திருக்கார்னு எனக்கு அங்கதான் விளங்கினது.

பெரிய ஊர்களோட கூத்து வேற மாதிரி. டல்லாஸ் பக்கத்துல ஆலன்னு ஒரு ஊர். 2012-ல அந்தப் பள்ளிக்கூடத்துக்கு 6 கோடி டாலர்ல 18,000 பேர் உட்கார்ற ஸ்டேடியம் கட்டினாங்க. எல்லாம் ஜனங்க ஓட்டுப் போட்டு ஒத்துக்கிட்ட கடன். ரெண்டே வருஷத்துல கான்கிரீட்ல விரிசல் விட்டு மூடி, திரும்ப சரி பண்ணித் திறந்தாங்க. கான்ட்ராக்ட் வேலைன்னா எந்த ஊர்லயும் கான்ட்ராக்ட் வேலைதான் போல. 2013-ல அதே ஆலன் பள்ளி ஆடின மாநில இறுதி ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 54,347 பேர். பள்ளிக்கூடப் பசங்க ஆட்டத்துக்கு!

இந்தக் கூட்டத்தைக் கட்டிக் காத்ததுல பத்திரிகைக்குப் பெரிய பங்கு இருக்கு. வேக்கோங்கற ஊர்ப் பத்திரிகையில விளையாட்டுப் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்த டேவ் கேம்பெல், வெளியூர்ல இருந்து வர்ற பத்திரிகைகள் டெக்சாஸ் அணிகளைச் சரியாக் கண்டுக்கறதில்லைன்னு 1960-ல தானே ஒரு ஆண்டு மலர் ஆரம்பிச்சார். வீட்டுச் சமையல்கட்டு மேசையில உட்கார்ந்து தயாரிச்சது. வருஷா வருஷம் கோடையில வரும். மாநிலத்துல இருக்கிற அத்தனை பள்ளி அணிகளும் அதுல உண்டு, ஆறு பேர் ஆடற பட்டிக்காடு உட்பட. அவர் 2021-ல காலமானார், புத்தகம் இன்னும் வருது. மாப்பிள்ளையோட சிநேகிதர் வீட்டுல ஒண்ணு பார்த்தேன். முன்னூறு பக்கத்துக்கு மேல, நம்ம பாம்புப் பஞ்சாங்கம் மாதிரி புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் அழுக்கு. நான் பார்த்த அந்த ஊருக்கு அதுல நாலு விரல் அகலம் இடம். நாலு விரல் அகலம்னாலும் ஊர் பேர் அச்சுல இருக்கே.

இன்னொண்ணு கேட்டு அசந்துட்டேன். 1961-ல அமெரிக்கப் பார்லிமென்டு, தொழில்முறை ஃபுட்பால் அணிகள் கூட்டாச் சேர்ந்து டி.வி. உரிமை விக்கறதுக்குச் சட்டம் போட்டு வழி விட்டது. அப்பவே ஒரு கொக்கியும் போட்டது. செப்டம்பர் ரெண்டாவது வெள்ளியில இருந்து டிசம்பர் ரெண்டாவது சனி வரைக்கும், வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு மேலயும் சனிக்கிழமை முழுக்கவும் காலேஜ் ஆட்டம் நடக்கிற இடத்துல இருந்து 75 மைலுக்குள்ள இருக்கிற டி.வி. நிலையம் தொழில்முறை ஆட்டத்தைக் காட்டினா அந்தச் சலுகை செல்லாது. 1966-ல பள்ளிக்கூட ஆட்டத்தையும் இதுல சேர்த்தாங்க. அந்தப் பள்ளி ஆட்டத்தோட தேதியும் இடமும் ஆகஸ்ட் 1-க்கு முன்னாடி பத்திரிகையில வந்திருக்கணும், அதுவும் சட்டத்துலயே இருக்கு. கோடிக்கணக்குல புரள்ற வியாபாரத்தை, பதினாறு வயசுப் பசங்க மைதானத்துக்கு வர்ற டிக்கெட் கூட்டத்துக்காக ஒதுங்கி நிக்க வச்சிருக்காங்க. டெக்சாஸ் பள்ளி விளையாட்டு அமைப்பும் சும்மா இல்லை. தன் பள்ளிகள் ஆட்டத்தையே வெள்ளி ராத்திரி டி.வி.யில நேரலையாக் காட்டக் கூடாதுன்னு விதி வச்சிருந்தது. கொரோனா வந்த 2020-லதான் தளர்த்தினாங்க. வீட்டுல உட்கார்ந்து பார்த்தா மைதானத்துக்கு யார் வருவா? ரேடியோவுக்குத் தடை இல்லை. நாங்க திரும்பி வர்றப்ப காருல ரேடியோவைத் திருப்பத் திருப்ப ஏதோ ஒரு ஊர்ப் பசங்க ஆட்டம் ஓடிக்கிட்டே இருந்தது.

பத்திரிகைக்காரன் உள்ளதை எழுதினா என்ன ஆகும்ங்கறதுக்கு ஒடெசா கதை இருக்கு. எண்ணெய்க் கிணறு ஊர். பெர்மியன்கிற பள்ளி அணிதான் அவங்களுக்கு உசுரு. 1988-ல பிஸ்ஸிங்கர்னு ஒரு பத்திரிகையாளர் பிலடெல்ஃபியாவுல இருந்து குடும்பத்தோட அங்க குடியேறி, ஒரு பருவம் முழுக்க அணி கூடவே இருந்தார். அந்த வருஷம் மூணு பள்ளிகள் சமநிலையில நிக்க, அடுத்த சுற்றுக்கு யார் போறதுன்னு ராத்திரியோட ராத்திரியா காசு சுண்டிப் பார்த்தாங்க. அதை டி.வி.யில நேரலையாக் காட்டினாங்க, ஊரே முழிச்சுக் கிடந்து பார்த்தது. 1990-ல புத்தகம் வந்தது. ஆட்டத்தை உருகி எழுதினவர், படிப்பை ஓரங்கட்டறதையும் கறுப்பினப் பையன் முழங்கால் உடைஞ்சதும் ஊர் அவனை எப்படிப் பேசினதுங்கறதையும் சேர்த்து எழுதிட்டார். ஊருக்குக் கோபம். மிரட்டல் வந்து, அங்க கையெழுத்துப் போட்டுப் புத்தகம் கொடுக்க வர இருந்ததையே நிறுத்திட்டார். பிறகு சினிமாவும் டி.வி. தொடரும் வந்து அந்த ஊர் உலகப் பிரசித்தம் ஆனது.

இது வரைக்கும் சொன்னது வெள்ளிக்கிழமைக் கதை. வியாழக்கிழமைக் கதை ஒண்ணு இருக்கு. எனக்குத் தூக்கம் கெட்டது இதனாலதான்.

வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் தனித்தனிப் பள்ளியில படிச்ச காலம். மாநிலப் போட்டி வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டும். அதனால 1920-ல கறுப்பினப் பள்ளிகள், ப்ரெய்ரி வியூ கல்லூரி ஆதரவுல தங்களுக்குன்னு ஒரு அமைப்பு வச்சுக்கிட்டாங்க. ஊர்ல ஸ்டேடியம் ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை அது வெள்ளையர் பள்ளிக்கு. இவங்களுக்குப் புதன் இல்லேன்னா வியாழன். அதே புல், அதே விளக்கு, வேற ராத்திரி. ஹூஸ்டன்ல வீட்லி, யேட்ஸ்னு ரெண்டு கறுப்பினப் பள்ளிகள் நன்றி தெரிவிக்கும் பண்டிகை அன்னைக்கு மோதுவாங்க. 1927-ல இருந்து 1966 வரைக்கும் நடந்தது. ஊர்வலம், பேண்டு, ராணி தேர்வு எல்லாம் உண்டு, 30,000 பேருக்கு மேலகூட வந்திருக்காங்க. ஆனா பெரிய பத்திரிகைகள்ல ஓரத்துல சில வரி வந்தா அதிகம். கறுப்பின மக்கள் நடத்தின வாரப் பத்திரிகைகள்தான் எழுதி வச்சது. பின்னாடி கோகோ கோலா விளம்பரத்துல ஒரு சின்னப் பையனுக்குச் சட்டையைத் தூக்கிப் போட்டு உலகத்துக்கே தெரிஞ்ச ஜோ கிரீன், டெம்பிள் ஊர்ல வியாழக்கிழமைப் பக்கத்துப் பள்ளியில ஆடினவர்தான்.

1967-ல கறுப்பினப் பள்ளிகளைப் பொது அமைப்புல சேர்த்துக்கிட்டாங்க. நல்லதுதானே? நல்லதுதான். ஆனா ரெண்டு பள்ளியை ஒண்ணாக்கும்போது மூடினது பெரும்பாலும் கறுப்பினப் பள்ளியைத்தான். அணி பேர் போச்சு, நிறம் போச்சு. கோப்பைகளையும் பதிவேடுகளையும் பல இடத்துல குப்பையில போட்டுட்டாங்க. அம்பது வருஷ ஆட்டத்தை மைக்கேல் ஹர்டுன்னு ஒருத்தர் கிழவர்கள் ஞாபகத்துல இருந்தும் பழைய தாள்கள்ல இருந்தும் பொறுக்கி எடுத்து 2017-ல புத்தகமாப் போட்டார்.

இதைக் கேட்ட ராத்திரி எனக்கு எங்க ஊர் ஏரி ஞாபகம் வந்தது.

நான் பத்தாவது படிச்ச வருஷம், பொங்கலுக்குக் கோயில் திடல்ல சடுகுடுப் போட்டி. மைக் செட்டு, எவர்சில்வர் குடம், சுழற்கோப்பை எல்லாம் உண்டு. காலனிப் பசங்க அணிக்கு அதுல இடம் கிடையாது. அவங்க மறுநாள் வத்தின ஏரிக்குள்ள கோடு கிழிச்சு ஆடுவாங்க. நான் கரையில உட்கார்ந்து பார்த்திருக்கேன். திடல் ஆட்டத்தை விட அது நல்லா இருக்கும், வீட்டுல சொல்ல மாட்டேன்.

ஆனா பள்ளிக்கூட அணியில எங்க உடற்பயிற்சி வாத்தியார் அந்த வித்தியாசம் பார்க்கலை. எங்க வகுப்புல, என் பெஞ்சுல உட்கார்ந்த காலனிப் பையன்தான் எங்களுக்குப் பாடறவன். அந்த வருஷம் வட்டாரப் போட்டி இறுதி ஆட்டத்தை அவன் தனியா ஜெயிச்சுக் கொடுத்தான்னே சொல்லலாம். நான் மாற்று ஆள். கோட்டுக்குள்ள காலே வைக்கலை. நாலு நாள் கழிச்சுப் பேப்பர்ல எட்டு வரிச் செய்தி. ஊர்ப் பெரிய மனுஷர் ஒருத்தர் நிருபர்கிட்ட பேர் எழுதிக் கொடுத்தாராம். அதுல என் பேர் இருந்தது. அவன் பேர் இல்லை.

எங்கப்பா அதைக் கத்தரிச்சு, கண்ணாடி போட்டு மாட்டினார். வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவார். நான் ஒரு நாளும் வாயைத் திறக்கலை. இப்ப அது டிரங்குப் பெட்டிக்குள்ள கிடக்கு.

ஊருக்கு வந்து மூணு மாசம் கழிச்சுத்தான் போன் பண்ணத் தைரியம் வந்தது. அவர் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருபத்தெட்டு வருஷம் இருந்துட்டு, இப்ப அங்கேயே டீக்கடை வச்சிருக்கார். நான் 'நீ'ன்னு பேசறேன், ஒரே பெஞ்சுல உட்கார்ந்தவர் இன்னும் என்னை 'ங்க' போட்டுத்தான் பேசறார். அந்தப் பேப்பர் விஷயத்தைச் சொன்னேன். "தெரியுங்க, அப்பவே பார்த்தேன்"னார். அதுக்கு மேல அவரும் பேசலை, நானும் பேசலை. டீ ஆத்தற சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் அந்த ஆட்டத்தைப் பத்திக் கேட்டேன். கடையில ஆள் நிக்குது, ராத்திரி கூப்பிடறேன்னார். கூப்பிட்டார். எத்தனாவது பாட்டுல யாரைத் தொட்டார், எந்தப் பக்கம் திரும்பிக் கோட்டைத் தொட்டார்னு நாப்பது வருஷம் கழிச்சு வரிசையாச் சொல்றார். பேரை மட்டும் இங்க போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், போடலை. கடலை மூட்டைக் கணக்கு நோட்டுல பின்பக்கம் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். ஏழு பேர் ஆடினாங்க. ஆறு பேர் பேர் சரியா வந்துடுச்சு, ஒருத்தன் பேர் மட்டும் எங்க ரெண்டு பேருக்குமே ஞாபகம் வரலை. வாத்தியார் இன்னும் இருக்கார், திண்டுக்கல்ல மகன் வீட்டுல. கடலையை வித்துட்டு வர்ற வழியில போய்க் கேட்கணும்.