சீவாளி

சீவாளி, நாதஸ்வரத்தின் வாய்ப்பகுதியில் பொருத்தி ஊதப்படும் நாணல் தட்டையாலான உறுப்பு. இரு தட்டைகளின் நுனிகள் ஒன்றோடொன்று அதிர்ந்து ஒலி எழுப்புவதால் நாதஸ்வரம் இரட்டை நாணல் கருவி எனப்படுகிறது. வட இந்திய ஷெனாயும் ஐரோப்பிய ஓபோவும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

அமைப்பு

நாதஸ்வரத்தின் நீண்ட மரக்குழல் உலவு எனப்படும். அதன் அடியில் விரிந்த அணசும், மேல்முனையில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாயும் உள்ளன. கெண்டையின் மேல் சீவாளி செருகப்படுகிறது. குழலில் 12 துளைகள் உண்டு. விரல் வைத்து வாசிப்பவை ஏழு மட்டுமே. மற்ற ஐந்தும் பிரம்மசுரங்கள். இவற்றில் மெழுகு அடைத்துச் சுருதியைச் சரிசெய்வர்.

ஓபோவில் விசைகள் உண்டு. நாதஸ்வரத்தில் ஒன்றும் இல்லை. ஏழு துளைகளிலிருந்து எல்லா ஸ்வரங்களையும் கமகங்களையும் விரலின் சரிவாலும் மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டின் பிடியாலும் பெற வேண்டும். எனவே சீவாளி சரியில்லாவிட்டால் நல்ல கருவியும் பயன்படாது.

சீவாளி செய்தல்

காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டை இதற்கு உகந்தது. வெட்டிய தட்டையை நெடுநாள் உலர்த்திப் பதப்படுத்துவர். நெல் அவிக்கும்போது உடன் சேர்த்து அவிப்பதும் உண்டு. பிறகு சீவி, மடித்து, அடிப்பகுதியை நூலால் கட்டுவர். திருவாவடுதுறை இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாழ்ந்ததும் இவ்வூரில்தான்.

மேலைநாட்டு ஓபோக் கலைஞர்கள் பெரும்பாலும் தாமே நாணலைச் சீவிக்கொள்கிறார்கள். அது அவர்களுக்குப் பாடத்தின் ஒரு பகுதி. தமிழகத்தில் சீவாளி செய்வது தனித் தொழிலாகவே நிலைத்துவிட்டது. வாசிப்பவரின் வேலை சீவாளியைப் பழக்குவது. புதியது விறைப்பாக இருக்கும். வாயில் ஊறவைத்து, நாள்கணக்கில் ஊதித்தான் அதை வழிக்குக் கொண்டுவர முடியும். வாய் அதிகம் திறந்திருந்தால் மூச்சு விரயமாகும். ஒடுங்கியிருந்தால் ஒலி மெலியும். நன்கு பழகிய சீவாளியும் ஒருநாள் பிளந்துவிடும். கருவியில் நூல் கட்டித் தொங்கும் மாற்றுச் சீவாளிகளும் ஊசியும் அலங்காரம் என்று பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. கச்சேரியின் நடுவே அவைதான் கைகொடுப்பவை.

திமிரியும் பாரியும்

முற்காலத்தில் வழங்கியது திமிரி நாயனம். குட்டையானது, நாலரை ஐந்து கட்டைச் சுருதியில் உரக்க ஒலிப்பது, வீதியுலாவுக்கு ஏற்றது. அதில் சுத்த மத்யமம் துளையில் நேராக நிற்காது, ஊதும் பக்குவத்தால் வரவழைக்க வேண்டும். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி துளைகளின் இடத்தையும் குழலின் நீளத்தையும் மாற்றி இக்குறையைத் தீர்த்தார். ராஜரத்தினம் பிள்ளை நீண்ட பாரி நாயனத்தை இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் வாசித்து நிலைநிறுத்தினார். ஆசாரி இல்லாமல் அந்தத் தோடி இன்று நினைக்கப்படும் விதத்தில் ஒலித்திருக்குமா என்பது ஐயம்தான்.

பாரியால் புதிய சிரமமும் வந்தது. துளைகள் தள்ளி அமைந்ததால் சிறுவர்களின் விரல்கள் எளிதில் எட்டுவதில்லை. நீண்ட குழலுக்கு மூச்சும் கூடுதலாக வேண்டும்.

உலவு ஆச்சா மரத்தால் ஆனது. பச்சை மரம் பிறகு வெடிக்கும், கோணும் என்பதால், இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் உத்தரங்களையும் தூண்களையும் ஆசாரிகள் தேடி வாங்குகிறார்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது.

தொண்டை நாட்டில்

தட்டையும் மரவேலையும் காவிரிப் படுகையில் குவிந்திருப்பதால் தொண்டை நாட்டு மாணவருக்குத் தொலைவும் ஒரு தடை. செய்யாற்றங்கரையிலுள்ள மாகறல், சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். தொண்டை நாட்டின் 32 பாடல்பெற்ற தலங்களுள் ஒன்று. இத்தகைய கோயில்களின் பூசைக்கும் புறப்பாட்டுக்கும் மேளம் வேண்டும். ஆனால் இங்கிருந்து திருவாவடுதுறை சாலை வழியே 200 கிலோமீட்டருக்கும் மேல். நேரில் சென்றால் பத்துச் சீவாளிகளை ஊதிப் பார்த்து இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். தபாலில் வரவழைப்பவர் வந்ததை வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

காஞ்சிபுரத்திலுள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரமும் தவிலும் மூன்றாண்டுப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. குருகுல முறையில் சீடனுக்கு ஆசானின் பழகிய சீவாளியே முதலில் கிடைக்கும். பள்ளியில் சேரும் மாணவர் பெரும்பாலும் விறைத்த புதுச் சீவாளியோடுதான் சரளி வரிசையைத் தொடங்குகிறார். பிசிறுவது தன் மூச்சா, தட்டையா என்று பிரித்தறியவே அவருக்குச் சில மாதங்கள் ஆகும்.