முழு மயக்கத்தில் நுரையீரல் சுருங்குதல்: எவ்வாறு கண்டறியப்படுகிறது?

நுரையீரலை இரண்டு மெல்லிய உறைகள் சூழ்ந்துள்ளன. அவற்றின் இடையே காற்று புகுந்து தேங்கினால், அந்தப் பக்கத்து நுரையீரல் விரிய இடமின்றிச் சுருங்கிவிடும். இதனை மருத்துவர்கள் 'நியூமோதொராக்ஸ்' என்பர். விழித்திருப்பவர் நெஞ்சு வலிக்கிறது, மூச்சுத் திணறுகிறது என்று தாமே கூறிவிடுவார். மயக்க மருந்து பெற்றவரால் கூற இயலாது. ஆகவே, இந்நிலை அரிதாகவே ஏற்படும் எனினும், மயக்கவியல் மருத்துவர் அறுவை சிகிச்சை முடியும்வரை இதனை மனத்தில் கொண்டே நோயாளியைக் கண்காணிக்கிறார்.

விரைந்து தீவிரமடைவது ஏன்?

இயல்பான சுவாசத்தில் மார்பு விரிந்து காற்றை உள்ளிழுக்கிறது. முழு மயக்கத்திலோ, பெரும்பாலும் செயற்கை சுவாசக் கருவி காற்றை அழுத்தத்துடன் உட்செலுத்துகிறது. நுரையீரலில் சிறு கிழிசல் இருப்பின், ஒவ்வொரு மூச்சிலும் சிறிது காற்று கசிந்து உறைகளின் இடையே சேரும். அது பெருகி இதயத்தையும் பெரிய இரத்தக் குழாய்களையும் அழுத்தினால், சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். நைட்ரஸ் ஆக்சைடு வாயு, தேங்கிய காற்றினுள் ஊடுருவி அதன் அளவை மேலும் பெருக்கும். ஐயம் எழுந்தவுடன் அவ்வாயு நிறுத்தப்படுவது இதனால்தான்.

மருத்துவர் கவனிக்கும் அறிகுறிகள்

சுவாசக் கருவியில் காற்றழுத்தம் திடீரென உயரும், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறையும், நாடி விரைவுபடும், இரத்த அழுத்தம் சரியும். மார்பின் ஒரு பக்கம் மட்டும் சரிவர அசையாது. அப்பக்கத்தில் மூச்சொலி குறைவாகக் கேட்கும். தட்டினால் வெற்றுக் குடம்போல் ஒலிக்கும். ஆனால், சுவாசக் குழாய் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டாலும், சளியால் அடைபட்டாலும், ஆஸ்துமா தாக்கினாலும் இவற்றுள் பல தோன்றக்கூடும். எனவே முதலில் குழாய் சரிபார்க்கப்படும். பின்னர் அல்ட்ராசவுண்ட் கருவியால் மார்பு ஆராயப்படும். மல்லாந்து படுத்திருப்பவருக்குக் காற்று முன்புறம் சேர்வதால், சிறிய அளவு எக்ஸ்ரேயில் தென்படாமலும் போகலாம். நோயாளியின் நிலை விரைந்து மோசமடைந்தால் எப்படத்திற்கும் காத்திராமல், மார்பில் ஊசி செலுத்திக் காற்று வெளியேற்றப்படும். பின்னர் மார்பில் வடிகுழாய் பொருத்தப்படும்.

முன்கூட்டியே தெரிவிக்க வேண்டியவை

முன்னர் ஒருமுறையேனும் நுரையீரல் சுருங்கியிருந்தால், அது எத்தனை ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாயினும், தவறாது கூறுங்கள். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், காசநோய், புகைப்பழக்கம், அண்மையில் நேர்ந்த விலா எலும்பு முறிவு ஆகியவற்றையும் மறைக்காதீர்கள். வீட்டாரின் முன்னிலையில் புகைப்பழக்கத்தைக் கூறத் தயங்குவோர் மருத்துவரிடம் தனியே கூறலாம். மார்பு, மார்பகம், சிறுநீரகம் ஆகியவற்றில் அறுவை சிகிச்சை, கழுத்துச் சிரையில் குழாய் செலுத்துதல், கை மரத்துப்போவதற்காகக் காறை எலும்பின் மேற்புறம் ஊசி போடுதல் ஆகியவற்றில் இதற்கான வாய்ப்பு சற்றுக் கூடுதல். உங்களுக்கு இவற்றுள் எது செய்யப்படவுள்ளது என்பதைக் கேட்டறிவது உங்கள் உரிமை.

அறுவை சிகிச்சைக்குப் பின்

சிறு கசிவு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். ஒரு பக்க நெஞ்சுவலி, தோள்பட்டை வலி, பேசும்போதே மூச்சு வாங்குதல், உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றைக் கண்டால், உடனிருப்போர் செவிலியரை உடனே அழைக்க வேண்டும். வீடு திரும்பிய பின் தோன்றினால் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

மருத்துவ அறிக்கையில் 'அட்டெலெக்டாசிஸ்' என்று எழுதியிருப்பின் அஞ்ச வேண்டா. முழு மயக்கம் பெறும் பெரும்பாலோருக்கு நுரையீரலின் சிறு பகுதிகள் தற்காலிகமாக மடங்குவதுண்டு. இது காற்றுக் கசிவன்று. ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியாலும் எழுந்து நடப்பதாலும் பெரும்பாலும் சீராகும்.

நியூமோதொராக்ஸ் ஏற்பட்டிருந்தால், நுரையீரல் முழுமையாக விரிந்ததென எக்ஸ்ரேயில் உறுதியாகி மருத்துவர் அனுமதிக்கும்வரை விமானத்தில் பயணம் செய்யாதீர்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது, மார்பில் எஞ்சிய காற்று விரிவடையும்.