யார் தருவார் ஒரு வழிச்சத்திரம்?

எபிரேய மறைநூலில் ஏக்கத்தைச் சொல்வதற்கு ஒரு மரபுத்தொடர் உண்டு: 'மீ யித்தேன்'. 'யார் தருவார்?' என்பது அதன் நேர்ப்பொருள். எரேமியா நூலில் அடுத்தடுத்த இரு வசனங்கள் இவ்வாறே தொடங்குகின்றன. முதலாவதில், மடிந்த தன் மக்களுக்காக இரவும் பகலும் அழக் கண்ணீர் போதவில்லையே என்று தவிக்கிறார். அடுத்ததில், அதே மக்களை விட்டகலப் பாலைநிலத்தில் வழிப்போக்கர் தங்கும் இடமொன்று கிடைக்காதா என்கிறார். தமிழ் வேதாகமத்தில் இவை ஒன்பதாம் அதிகாரத்தின் முதலிரு வசனங்கள். எபிரேய மூலத்திலோ முன்னது எட்டாம் அதிகாரத்தின் கடைசி வசனம். அழுகையையும் வெறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த தமிழ்ப் பிரிப்பே எனக்கு உவப்பானது.

எரேமியாவின் ஊரான ஆனதோத், எருசலேமுக்கு வடகிழக்கே சில கிலோமீற்றர் தொலைவில், யூதேயப் பாலையின் விளிம்பில் இருந்தது. ஆகவே அவர் ஏங்கிய நிலம் கற்பனையன்று. இளமையிலேயே கண்ணெதிரே கிடந்தது. 'மித்பார்' என்ற அச்சொல்லும் வெறும் மணற்காட்டைக் குறிப்பதன்று. மாரி பெய்தால் ஆடு மேயும் வறள்நிலமும் அதில் அடங்கும்.

அவர் குகையைக் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கேட்டது 'மாலோன்', இராத்தங்கும் இடம். (இன்றைய எபிரேயத்தில் ஹோட்டலுக்கும் இதுவே பெயர்.) ஒருவரையொருவர் அறியாதோர் ஓரிரவு தங்கிப் பிரியும் இடத்தில் எவர் பொய்யும் எவரையும் சுடாது. 55ஆம் சங்கீதத்திலும் இதே தொடர்தான். அங்கே புறாவின் சிறகு கேட்டுப் பாலைக்குப் பறக்க விரும்புபவரைத் துரத்துவது நண்பனின் துரோகம். எலியா உண்மையாகவே பாலைக்கு ஓடினார். ஓரேபிலே கிடைத்த கட்டளை, வந்த வழியே திரும்பிப் போ என்பது.

அடுத்த வசனம் கடவுளின் கூற்றாக முடிவதால், ஏங்குபவர் கடவுளே எனக் கொள்ளும் ஆய்வாளரும் உளர். தீர்க்கதரிசியின் குரலாகவே நான் வாசிக்கிறேன். அவருடைய பிற்கால வாழ்வே அதற்குக் காரணம்.

கெட்ட செய்தி சொன்னதற்காகச் சேறு நிறைந்த தொட்டியில் இறக்கப்பட்டவர் அவர். கி.மு. 587 அளவில் எருசலேம் வீழ்ந்தபின், பாபிலோனியத் தளபதி விலங்கைக் கழற்றி, விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்றான். பாலை அருகில்தான் இருந்தது. எரேமியா மிஸ்பாவுக்குச் சென்று, எஞ்சிய மக்கள் நடுவே குடியிருந்தார். பின்னர் அந்த மக்களே, அவர் தடுத்தும் கேளாமல், அவரையும் எகிப்துக்கு இழுத்துச் சென்றனர்.